படத்தில் ஒரு கட்டைவிரல்

மன்னிப்புக் கேட்க வந்த பெண் வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டால் வர மறுத்தாள். திட்டு வாங்க வாசல்தான் வசதி என்று நினைத்தாளோ என்னவோ.

பயிர் ஆலோசனை அலுவலகத்தில் வேலை. தக்காளிச் செடியின் இலையைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால், நோய் உண்டா இல்லையா என்று ஒரு மெஷின் பதில் சொல்லும். அந்த மெஷினுக்குப் பாடம் நடத்துவது இவள்தானாம்.

“அக்கா, போன மாசம் உங்களுக்கு இலைப்புள்ளி நோய்னு மெசேஜ் வந்திருக்கும். அது தப்புக்கா. உங்க செடிக்கு ஒண்ணும் இல்ல. மருந்து ஏதும் அடிச்சிருந்தீங்கன்னா...”

பாதியில் நிறுத்திவிட்டு, திட்டுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். முந்தின வீட்டில் ஒருவர் தோட்டம் முழுக்க வீணாக மருந்து அடித்த ஆத்திரத்தில், செருப்பைக் கழற்றாத குறையாகப் பேசினாராம்.

நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கொய்யாப்பழம் நறுக்கி வைத்தேன். அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவதற்கு முன்னால் பழம் கொடுக்கிற வீடு அவளுக்குப் புதிது போல.

தப்பு எப்படி நடந்தது என்று கேட்டேன்.

ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டித்தான் மெஷினைப் பழக்குவார்களாம். நல்ல செடியை எல்லோரும் தள்ளி நின்று அப்படியே எடுத்து அனுப்புகிறோம். நோய் கண்ட இலையை மட்டும் கட்டைவிரலால் பிடித்து, கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டுகிறோம். மெஷின் இலையை விட்டுவிட்டு விரலைப் படித்துக்கொண்டது. விரல் தெரிந்தால் நோய், தெரியாவிட்டால் சுகம். பாடத்தைப் படிக்காமல் வாத்தியார் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுகிற பிள்ளை மாதிரி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் பயந்தேபோனாள்.

“உங்க மெஷினுக்குக் கோடிப் புண்ணியம்மா,” என்றேன். பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன்.

மெசேஜ் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு புள்ளி கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரரோ எல்லா இலையிலும் கருப்புக் கருப்பாக இருக்கிறது என்று சாதித்தார். அவரும் மெஷினும் ஒரு கட்சி, நான் தனிக் கட்சி.

எப்போதுமே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள்தான். ஆனாலும் அன்றைக்கு அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. மருந்து தெளிப்பானைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டார். பழம் பறிக்கிற நேரத்தில் விஷத்தைத் தெளித்தால் யார் வாங்குவார்கள்? நான் வாரைப் பிடித்து இழுக்க, அவர் உதற, பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஓர் இலையைக் கிள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். எங்கே புள்ளி, தொட்டுக் காட்டுங்கள் பார்ப்போம் என்று கத்தினேன்.

தொட வந்தார். விரல் இலையில் நிற்கவில்லை. எதையோ துரத்துவதுபோல் நகர்ந்து நகர்ந்து, இலையைத் தாண்டி, என் கன்னத்தில் வந்து நின்றது.

“உன் மூஞ்சியிலயும் இருக்கு,” என்றார். குரல் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போடவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விழித்திரை கிழிந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கும் என்றார் டாக்டர். அன்றைக்கே லேசர் வைத்துச் சரிசெய்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அந்தப் பெண் கொய்யாத் துண்டைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இது காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கா. எங்களுக்கு எதுக்கு நன்றி?”

“காக்காவுக்குத்தான் சொல்றேன்னு வெச்சுக்கோ. உக்காந்துச்சுல்ல?”

முதல் தடவையாகச் சிரித்தாள். பழத்தையும் கடித்தாள்.

ஆனால் வேலைப் புத்தி போகுமா? தன் கைபேசியில் நாங்கள் அனுப்பிய படத்தைத் தேடி எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தாள். மாசு மருவில்லாத பச்சை இலை. அடியில் என் வீட்டுக்காரரின் கட்டைவிரல், மண் படிந்த நகத்தோடு. எங்கள் வீட்டில் வழக்கமாகப் படம் எடுப்பது நான்தான். அன்றைக்கு மட்டும் அவர் எடுத்திருக்கிறார்.

“நல்ல இலைதானேக்கா. அப்புறம் அண்ணன் எதுக்கு இதைக் கையில பிடிச்சு எடுத்தாரு?”

இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

உள்ளறையிலிருந்து பதில் வந்தது. மதியத் தூக்கத்தில் இருக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

“கொஞ்ச நாளாவே எங்க பாத்தாலும் புள்ளிம்மா. இலையில இருக்கா, கண்ணுல இருக்கான்னு தெரியல. இவகிட்டச் சொல்லப் பயம். அதான் மெஷின்கிட்டக் கேட்டேன்.”

அந்தப் பெண் கைபேசியை மெதுவாக மடியில் வைத்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது.

ஒரு புள்ளிக்காக அவர் அன்றைக்கு என்னோடு மல்லுக்கு நின்றது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. இலையில் இல்லையென்றால் அது வேறு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நல்லவேளை, மெஷினிடமாவது கேட்டாரே மனிதர்.