இடமிருந்து வலம், பதினொன்று

பேப்பரை மேலே கொடுத்துவிட்டு வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மடிக்க வேண்டிய துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாடியில் இருப்பவர் என் கணவரின் அண்ணன். கீழே நாங்கள். மாடிப்படிக்கு எந்த வண்ணம் அடிப்பது என்பதில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு, ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. படி இப்போது பாதி பச்சை, பாதி சாம்பல். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது என்றால் யார் நம்புவார்கள்?

குறுக்கெழுத்து மட்டும் நிற்கவில்லை. இடமிருந்து வலம் தம்பிக்கு, மேலிருந்து கீழ் அண்ணனுக்கு. இவர் காலையில் தன் பங்கைப் பென்சிலால் முடித்துத் தருவார். தபால்காரி மாதிரி நான் மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை இவருக்கு இதயத்தில் ஆபரேஷன். அண்ணனிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அண்ணனாக இறங்கி வந்தால் இவர் பேசுவாராம். வீம்பு.

ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், பேசாமலே போய்விடுவார்களே. நான்கு நாளாக எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பெரியவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"குதிரையின் தலையை வெட்டினால் ஜன்னலை மறைக்கும், ரெண்டு எழுத்து. இதுக்குப் போய் பனின்னு போட்டிருக்கியேடா! குதிரைல 'கு'வை வெட்டினா திரை. சின்னப் புள்ளகூடச் சொல்லும். பனிக்குள்ள குதிரை எங்கடா இருக்கு?"

கத்திக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று குரல் இறங்கிவிட்டது.

"இப்படித் தப்பு பண்றவன் இல்லையே நீ. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இவர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் துணி மடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் 'என்மேல்தான் தப்பு' என்று இவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. குறுக்கெழுத்தில் கேட்கவே வேண்டாம்.

"ஆமாண்ணா, நான்தான் தப்பாப் போட்டுட்டேன். உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

பெரியவர் உட்கார்ந்தார்.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. இடுப்பில் செருகியிருந்தது உறுத்தியது, எடுத்தேன். பேப்பரை மேலே கொண்டுபோகும் வழியில், படியில் உட்கார்ந்து நான் 'திரை'யை அழித்த ரப்பர்.