பச்சையைத் தாண்டாத குரல்

“என் குரலை ஏத்துங்க சார்.”

லோகேந்திரன் சார் திரும்பவில்லை. காதில் விழாததுபோல் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தார்.

சாலிகிராமத்தில் மூன்றாவது மாடி. அவர் வீட்டுப் படுக்கையறைதான் ஸ்டுடியோ. ஜன்னலை அடைத்து ஒரு மெத்தை. எதிர்ச்சுவரில் ஒரு மெத்தை. ஃபேன் போடக்கூடாது. வியர்வைக்குச் சத்தம் கிடையாது என்பதால் அதற்கு மட்டும் அனுமதி.

குரலை ஏற்றச் சொல்லிக் கேட்கவே கூடாது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். முதன்முதலில் அவளை ட்ராக் பாட அழைத்துவந்த ஹெலன் அக்கா, லிஃப்ட் இல்லாத இந்தப் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

“தண்ணி கேளு, ஆட்டோவுக்குக் கேளு. குரலை மட்டும் கேட்டுராதடி. அப்புறம் போன் வராது.”

ட்ராக் என்றால், பெரிய பாடகி வந்து பாடும்வரை பாட்டில் இடம் பிடித்து வைக்கும் குரல். பஸ் சீட்டில் போட்ட துண்டு. ஆள் வந்ததும் எடுத்துவிடுவார்கள்.

இந்தப் பாட்டில் எடுக்கவில்லை.

சற்றுமுன் ஹெட்போனில் கேட்டாள். அந்தப் பெரிய பாடகி, மேடத்தின் குரல். அதற்கு அடியில், நூல்போல, இன்னொன்று. மேல்ஸ்தாயி வரிக்கு முன்னால் வாயால் மூச்சிழுக்கும் ஒரு சின்னச் சத்தம்.

தன் மூச்சு தனக்குத் தெரியாதா.

“அது சும்மா சப்போர்ட்டுக்கும்மா. யாருக்கும் கேக்காது.”

“கேக்காதுன்னா எடுத்துருங்க.”

அவர் சிரித்தார். சரி பார் என்பதுபோல், திரையில் அவள் குரலுக்கான பட்டையைக் கீழே இழுத்தார்.

பாட்டில் மேடம் தனியாக நின்றார். மேல்ஸ்தாயி வரியில் கால் வழுக்கியது. சுருதியைத் தேடித் தடவி, கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

சார் சிரிப்பதை நிறுத்தினார். பட்டையை மேலே தள்ளினார். பாட்டு எழுந்து நின்றது.

மேடம் விழாமல் இருக்கும் அளவு. அவள் இருப்பது தெரியாத அளவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம். அதைக் கண்டுபிடிக்க நல்ல காது வேண்டும். அவருக்கு இருந்தது.

அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

“சரணத்துல ரெண்டு வரி மாத்தியிருக்காங்க. மேடம் பாடி அனுப்பிட்டாங்க. நீயும் பாடிக் குடுத்துட்டுக் கெளம்பு. அடுத்த படத்துல உனக்குப் பாக்கலாம்.”

போன படத்திலும் அடுத்த படம்தான்.

கதவு திறந்தது. சாரின் மனைவி, கையில் கரண்டியோடு.

“என்னங்க, ஃப்ரிட்ஜைப் போட்டுரட்டுமா? உங்க பாட்டு முடியறதுக்குள்ள மாவு வழிஞ்சிரும்.”

“உறுமும்மா அது. மைக்ல விழும். பத்து நிமிஷம்.”

“மாவுக்கும் அதையே சொல்லுங்க.”

கதவு மூடிக்கொண்டது.

“மெதுவாப் பாடு” என்றார். “பச்சையைத் தாண்டாத.”

திரையில் குரலின் அளவைக் காட்டும் பட்டை பச்சையில் தொடங்கும். குரல் ஏறினால் மஞ்சள். இன்னும் ஏறினால் சிவப்பு. சிவப்பில் குரல் உடையும். மேடத்துக்கு மஞ்சளின் விளிம்புவரை விடுவார். அவளுக்குப் பச்சை.

அவள் அப்பா சைக்கிளில் கோலமாவு விற்றவர். கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அதே தொண்டைதான் இவளுக்கும். அந்த வீட்டின் முதல் டிகிரியை எடுத்துக்கொண்டு கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போனபோது, டை கட்டியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: கொஞ்சம் சாஃப்டாப் பேசலாமே?

பேசினாள். வேலை கிடைக்கவில்லை.

மைக்கிலிருந்து பின்னால் நகர்ந்தாள். சார் தலையாட்டினார். சொன்னபடி கேட்கிறாள் என்று நினைத்திருப்பார்.

இன்னும் நகர்ந்தாள். முதுகு மெத்தையில் இடித்தது.

தொண்டையைத் திறந்தாள்.

இரண்டு வரி. முழுசாக. மேல்ஸ்தாயியில் நின்று, இறங்க மனமில்லாமல் இறங்கினாள்.

பட்டை பச்சையைத் தாண்டவில்லை.

சார் திரையைப் பார்த்தார். லெவல் சரியாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“கொறச்சுப் பாருங்க சார்.”

மேடத்தின் குரலுக்கு அடியில் அதை வைத்து, குறைத்தார். மறுபடி குறைத்தார். கொசு அளவுக்குக் கொண்டுவந்தார்.

தெருமுனையிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் குரல் சின்னதாகத்தான் வந்து சேரும். அதை யாரும் முணுமுணுப்பு என்று நினைப்பதில்லை.

கொசு அளவிலும் அது அவள்தான். பக்கத்தில் மேடம்தான் சப்போர்ட்டுக்குப் பாடியதுபோல் இருந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்ற முகமில்லை. நல்ல பாட்டைக் கேட்ட முகம். அதை மறைக்கத்தான் துடைத்தார்.

“இன்னொரு டேக் போலாம்மா. இந்தத் தடவ கொஞ்சம் அடக்கி.”

“இல்ல சார். இனிமே யாருக்கும் அடியில பாட மாட்டேன். ஒரு பாட்டுக்கு ஒரு குரல் போதும். எதுன்னு நீங்க பாத்துக்கங்க.”

“ஆத்திரப்படாத. உக்காரு, பேசலாம்.”

இந்த அறையில் அவளை அவர் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் பையை மாட்டியிருந்தாள். பேச ஒன்றும் மிச்சமில்லை. மெத்தையில் முதுகு இடித்தபோதே எல்லாம் முடிவாகியிருந்தது.

படியிறங்கும்போது அந்த இரண்டு வரிகள் தாமாகவே வாயில் வந்தன. சுவர்கள் வாங்கித் திருப்பிக் கொடுத்தன.

இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவள் மூன்றாவது வரிக்கு மூச்சிழுத்தாள்.