மஞ்சள் ஊசி

"ஒரே ஒரு மரந்தாங்க. அதுக்கா மூணு வருஷமா கூட்டம் போடறோம்?"

வனத்துறை அதிகாரி தனாகோர்ன் மஞ்சள் ஊசியை விரலில் உருட்டியபடி கேட்டார்.

பள்ளிக்கூட மேசைமேல், அட்டைகளை அடுக்கி ஒட்டி, தாய்லாந்தின் கரென் பழங்குடியினர் வாழும் அந்த மலையூரையே சின்னதாகச் செய்து வைத்திருந்தார்கள். ஊரும் வனத்துறையும் சேர்ந்து போடும் திட்டம். பயிருக்கு எது, காட்டுக்கு எது என்று ஆளுக்கொரு ஊசி குத்தி, சண்டை போட்டு, பிடுங்கி, மறுபடி குத்தி, எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி, சுற்றுலாக்காரர்கள் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம்; அதற்குத்தான் அந்த மஞ்சள் ஊசி.

வனத்துறை அலுவலகத்துக்குப் பின்னாலிருக்கும் பொட்டலில் கட்டச் சொன்னது ஊர். அங்கே ஏறினால் தன் வீட்டில் துவைத்துப் போட்ட துணிதான் தெரியும் என்றார் அதிகாரி. அவர் கேட்டது தொப்புள்கொடிக் காட்டை; அங்கே ஒரு மரத்தை வெட்டினால் கோபுரத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை மூங்கில் குழாயில் இட்டு, அப்பா போய் ஒரு மரத்தில் கட்டிவிட்டு வருவார். அந்த மரத்தை வெட்டினால் அந்த உயிருக்கு ஆகாது.

"இதெல்லாம் வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்றார் தனாகோர்ன். கோபுரம் வந்தால் நல்ல பாலமும் வரும், போன மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய், தான் பாங்காக்கிலும் மனைவி இங்கேயுமாகப் பத்து நாள் தவித்தது மறந்துவிட்டதா என்றும் கேட்டார்.

மருத்துவச்சி முபோ எழுந்தாள். "சரி சார். சேர்ந்து போடற திட்டம்னா நாங்களும் விட்டுக்கொடுக்கணும். மரத்தை நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

ஊரே அவளை முறைத்தது. புருஷன் சூவா ரொம்பவே முறைத்தான்.

அதிகாரி ஊசியை அட்டைக் காட்டில் ஒரு மரத்தின் மேல் கொண்டுபோனார். டீச்சர் மகளுடையது என்றாள் முபோ. டீச்சர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஊசி நகர்ந்தது. அடுத்தது ஊர்த் தலைவருடையது. தலைவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஊசி அவசரமாக ஓரத்துக்குப் போனது.

"இந்தக் கோணல் மரம்?"

"அது இந்த ஊர்க்காரங்க யாரோடதும் இல்ல சார்."

"அப்பாடா." குத்திவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"அந்தப் பத்து நாள்ல என் வீட்டு அடுப்பங்கரையில பொறந்துச்சே உங்க பொண்ணு" என்றாள் முபோ. "அப்பாதான் கட்டணும். நீங்க பாங்காக்ல இருந்தீங்க. அதனால எங்க வீட்டுக்காரர் கட்டினாரு. நீங்க சிரிப்பீங்கன்னு வீட்டம்மா உங்ககிட்ட சொல்லல."

தனாகோர்ன் சிரிக்கவில்லை. ஊசியை மெதுவாக, வலிக்காமல் எடுப்பதுபோல எடுத்தார். அலுவலகத்துக்குப் பின்னால் குத்தினார்.

"துணியை வேற பக்கம் காயப் போட்டுக்கலாம்" என்றபடி கையெழுத்திட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, மழை பெய்தாலும் விடாமல், அந்தக் கோணல் மரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்.

பார்த்துக்கொண்டிருந்த சூவாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, நான் கட்டினது ஓடைக்கரை அத்தி மரத்துலதானே?"

"அவர் எதுல குத்துவாருன்னு எனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?" என்றாள் முபோ. "ஊத்தட்டும் விடு. அந்த மரத்துக்கும் பாவம், இதுவரைக்கும் யாருமில்ல."