துலுக்காத கிடா

அழகர்மலைக் காட்டில், கள்ள நாணயம் அடிக்கும் நிலவறையை அகலப்படுத்தத் தோண்டியபோது பழைய முதுமக்கள் தாழி ஒன்று உடைந்து பேய் கிளம்பிவிட்டது. மூட்டிய உலையை எல்லாம் அணைத்தது. அதற்குப் பலி கொடுக்கக் கூட்டத்தலைவன் காசிமாயன் ஒரு கிடாவை இறக்கினான். தண்ணீர் ஊற்றியதும் கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால்தான் பேய் அந்தப் பலியை ஏற்றதாக அர்த்தம்.

குடம் குடமாக ஊற்றியும் கிடா அசையவில்லை.

"அண்ணே, தண்ணி சொமந்தே இடுப்பு போச்சு," என்றான் கூட்டாளி மொக்கையன்.

"துலுக்குற வரைக்கும் ஊத்துடா. வேற என்ன செய்யச் சொல்ற?"

"வேற கிடா பிடிச்சிட்டு வாரேண்ணே."

"வேணாம்," என்றது கிடா. "நான் இந்தக் கிடாவுக்குள்ள பூந்து எம்புட்டு நேரமாச்சு."

காசிமாயனின் உடம்பு உச்சி முதல் பாதம் வரை துலுக்கியது.

"அப்பாடா," என்றது கிடா. "ஒருத்தனாவது துலுக்கினியே."