ஒண்ணரைச் சுத்து

தீவு மாதா கோயிலில் ஒன்பது மணிக்குத் திருமணம். பத்து மணிக்குச் சாமியார் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார். மணப்பெண் பெனிட்டா ஏறியிருந்த வள்ளம் பாதிக் கடலில் நின்றுவிட்டது. பழைய எஞ்சினின் கயிற்றை இழுத்து இழுத்து அவள் அப்பா ஓய்ந்துபோனார்.

"தள்ளுங்கப்பா."

பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கார்புரேட்டர் திருகை முழுக்க மூடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சுற்றுத் திறந்தாள்.

"இப்ப இழுங்க."

எஞ்சின் இருமியது. இன்னும் அரைச் சுற்றுத் திறந்தாள். அடுத்த இழுப்பில் அது சீராக ஓட, வள்ளத்துப் பெண்கள் குலவையிட்டார்கள்.

கோயிலில் மோதிரம் போடக் கையைப் பிடித்த மாப்பிள்ளை சிலுவைராஜ், எஞ்சின் எண்ணெயில் கறுத்த விரல்களைப் பார்த்துக் கிசுகிசுத்தான்.

"கார்புரேட்டரா? எத்தன சுத்து?"

"ஒண்ணரை."

"எங்க எஞ்சினுக்கு ரெண்டு."

"ரெண்டு அதிகம். நான் வந்து பாக்குறேன்."

சாமியார் செருமினார்.