வயிற்றுவலிக்குத் தலையில் டெஸ்ட்

ஆஸ்பத்திரி பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள் மகள். கணக்கு டியூஷன் மாஸ்டரான அப்பா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பரீட்சை வந்தா வயித்துவலியும் கூடவே வந்துடும். நடிப்புல மட்டும் முதல் மார்க்."

ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நரம்பு டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். உள்ளே போனால், மாஸ்டரிடமே டியூஷன் படிக்க வருகிற பிள்ளை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மாஸ்டருக்கு உதடு கோணியது.

"வலி திடீர்னு வந்து தானா போயிடுதாம்மா?" டாக்டர் மகளிடம் கேட்டாள்.

"ஆமா டாக்டர். விட்டதும் எங்க இருக்கேன்னே புரியாது. தூக்கமா வரும்."

"புஸ்தகத்தத் தொட்டாலும் அவளுக்குத் தூக்கம்தான் வரும்" என்றார் மாஸ்டர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இது ஒரு வகை வலிப்பா இருக்கலாம் சார். கை கால் இழுக்கணும்னு இல்ல, அபூர்வமா சிலருக்கு வயித்துவலியாவும் வரும். தலையில ஒயர் ஒட்டி ஈஈஜி எடுத்துப் பார்த்துடலாம்."

"வயித்துவலிக்குத் தலையில டெஸ்டா? நல்லாப் படிச்சீங்க போங்க. எங்க வம்சத்துல எவனுக்கும் வலிப்பு கிடையாது. இவளுக்கு இருக்கறது சோம்பேறித்தனம்."

சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அடிவயிற்றிலிருந்து என்னவோ நெஞ்சுக்கு ஏறியது. கோபம் வந்தால் அவருக்கு எப்போதும் இப்படித்தான்.

பார்த்தால் சட்டையெல்லாம் ஈரம். மகள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தட்டி விட்டுட்டியா? ஒரு இடத்துல ஒழுங்கா உக்காரத் தெரியுதா உனக்கு?" கையை உதறினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் எப்போது எழுந்து வந்து இவர் தோளருகே நின்றாளோ, கைக்கடிகாரத்தை வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மணி பார்க்கிற மரியாதை கெட்ட ஜென்மம்.

"நேரமாச்சுன்னா சீக்கிரம் எழுதிக் குடுங்க. ஒண்ணுமில்லன்னுதான் வரப்போகுது. அப்புறம் இவள நான் பாத்துக்கறேன்."

டாக்டர் போய் உட்கார்ந்து எழுதினாள். ஒரு சீட்டைக் கிழித்து வைத்துவிட்டு, இன்னொன்றையும் எழுதி நீட்டினாள்.

மாஸ்டர் இளக்காரமாகச் சிரித்தார். "ஒரு தலைக்கு எதுக்கு ரெண்டு சீட்டு? கணக்கு இடிக்குதே."

"பாட்டில் உங்க கையில சாஞ்சதுலேர்ந்து அரை நிமிஷம் உங்களக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், உங்களுக்குக் கேக்கல" என்றாள் டாக்டர் மெதுவாக. "ஒண்ணு உங்களுக்கு சார்."