அப்பாவின் க்ளோசப்

மார்ச் பதினான்கு, மாலை, படப்பிடிப்புத் தளம். கதாநாயகன் தன் பகுதியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு அப்பாவாக நடிக்கும் துணை நடிகரின் க்ளோசப்பை இனிதான் எடுக்க வேண்டும். இந்தப் படத்தில் அவருக்கு இது ஒன்றுதான். மகன் நிற்க வேண்டிய இடத்தில் விளக்குக் கம்பம் நிற்கிறது. அதில் கண் மட்டத்துக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். மகனின் வசனத்தை உதவி இயக்குநர் கொட்டாவியோடு படிக்கிறார்: "நான் போறேன்ப்பா."

"டீ குடிக்கப் போற மாதிரி சொல்றீங்களே தம்பி. நான் அழ வேண்டாமா?"

தளம் சிரித்து அடங்குகிறது. அவர் டேப்பைப் பார்க்கிறார். அதற்குச் சற்றுக் கீழே, தோள் இருக்க வேண்டிய உயரத்தில், கம்பத்தின் மீது கை வைக்கிறார். கேமராவில் அந்தக் கை தெரியாது. "போய்ட்டு வாப்பா" என்கிறார். கண் நிறைகிறது, வழியவில்லை. முதல் டேக்கே ஓகே.

வெளியான படத்தில் அந்த இடத்தில் மகனின் முகம் வருகிறது. அப்பாவின் குரல் மட்டும் கேட்கிறது.